அட்ரினலின் அண்ணனும் இரண்டாம் பக்கமும்

எங்கள் காரோடு ஊரில் பிள்ளை உண்டான எந்தப் பெண்ணும் திடுக்கிடக் கூடாது என்று தொண்ணூறுகளில் ஒற்றை ஆளாகப் போர் நடத்தியவர் அட்ரினலின் அண்ணன். அவர் வருவதைப் பார்த்துத்தான் நாங்களெல்லாம் திடுக்கிட்டோம்.

பஸ் ஸ்டாப்புக்கு எதிரே ஒற்றை அறையில் ரத்தம், மூத்திரம் பரிசோதிக்கும் லேப் வைத்திருந்தார். ஒருமுறை நகரத்திலிருந்து வந்த டெஸ்ட் டியூப்களைச் சுற்றியிருந்த தாள், ஏதோ மருத்துவ இதழின் முதல் பக்கம். பாதி வாக்கியத்தில் நின்றுபோயிருந்தது. மனிதருக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

"மக்கா, பயந்தா ரத்தத்துல அட்ரினலின் பாயும். நஞ்சுக்கொடி இப்பதான் பிடிச்சு, கர்ப்பத்தைத் தாங்குத ஹார்மோனை உண்டாக்கிட்டிருக்கு. அட்ரினலின் நேரே அதுலதான் கை வைக்குமாக்கும்!"

ரிசல்ட்டோடு இந்தப் பிரசங்கம் இலவசம்.

எனக்கு அவர் சொல்லவே வேண்டாம். ஏற்கெனவே இரண்டு முறை மூன்றாம் மாதத்தில் கலைந்திருந்தது. முதல் முறை அடுக்களையில் பாம்பைப் பார்த்து அலறியிருந்தேன். "பயந்தே தொலைச்சா" என்று மாமியார் தீர்ப்பெழுதினார். நானும் நம்பினேன். மூன்றாவது முறை நான் உண்டாகியிருந்த ரிசல்ட்டைப் படித்ததும் அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். லேபைப் பூட்டிவிட்டுக் கூடவே வீட்டுக்கு வந்துவிட்டார்.

முதலில் குக்கர் பறிமுதல். "விசில் ஆகாது. சோறு பானையில வேகட்டு." அடுத்து, சர்ச் மணிக் கயிற்றை மெல்ல இழுக்கும்படி உபதேசியாரிடம் மன்றாடினார். அந்த ஞாயிறு ஆராதனைக்குப் பாதிப் பேர் தாமதம். கூவிக் கூவி மீன் விற்கும் அக்காவையும் விடவில்லை. அந்த அக்கா ஒருநாள் வேலியோரம் வந்து என் காதருகே கிசுகிசுத்தார்.

"சாளை உண்டு... நெத்தோலி உண்டு..."

"எக்கா, மீன் விக்குதியா, ரகசியம் சொல்லுதியா?"

"மெள்ளப் பேசு மக்கா. அந்த லேப்காரன் கேட்டா என்னைக் கொல்லுவான்."

மூன்றாம் மாதம் வந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு மத்தியானம் அண்ணன் வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்தார். மூன்று தரம் நகரத்துக்குப் பஸ் ஏறி, மருத்துவ நூலகம் ஒன்றில் அந்த இதழின் மிச்சப் பக்கத்தைக் கண்டுபிடித்திருந்தார். கையில் ஜெராக்ஸ்.

"மக்கா, நான் ஒரு மடையன். கண்ணாடித் தட்டுல வச்ச இளம் நஞ்சுக்கொடித் துண்டுல அட்ரினலினை விட்டுப் பாத்திருக்கானுவ. ஹார்மோன் குறையல்ல. கூடிச்சாம்!"

"அப்பம் நான் நல்லா பயப்படணுமா?"

"அய்யோ, வேண்டாம்! அது தட்டுல நடந்த காரியம். ஆளுக்குள்ள என்ன நடக்கும்னு அவனுவளுக்கே தெரியல்ல. ஆனா, நீ பயந்ததுனாலதான் பிள்ளை போச்சுன்னு இனி ஒருத்தருக்கும் சொல்ல ஒக்காது. அதைச் சொல்லத்தான் ஓடி வந்தேன்."

கடைசி வாக்கியத்தை மாமியார் இருந்த பக்கம் திரும்பி, உரக்கச் சொன்னார். நான் அழுதுவிட்டேன்.

பறித்த குக்கரை அவரே அடுப்பில் ஏற்றினார். முதல் விசிலுக்குத் துள்ளிப்போய்ச் சுவரில் முட்டிக்கொண்டதும் அவரே. பல வாரங்களுக்குப் பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

மகள் பிறந்தாள், குக்கரை மிஞ்சும் தொண்டையோடு. அந்த ஜெராக்ஸை அவளுடைய பிறப்புச் சான்றிதழோடு சேர்த்து வைத்திருக்கிறேன். அதில் ஒரு வரியும் எனக்குப் புரியாது. இருந்தும் தூக்கிப் போட மனமில்லை; அண்ணனை அவ்வளவு பிடிக்கும்.