ஷிஹாப் நானா வேன் விற்றார்

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து, சோற்றில் கை வைப்பதற்கு முன்பே ஷிஹாப் நானா அறிவித்தார்.

"வேன விக்கப் போறேன்."

மாவனல்லை பஜாரில் திரைச்சீலைத் துணி விற்கும் ஷிஹாப் நானா பேசுகிற ஆள் இல்லை, அறிவிக்கிற ஆள். மழை வந்தால்கூட "மழை பெய்யுது" என்று வீட்டுக்குள் நின்று அறிவிப்பார். முப்பத்திரண்டு வருஷமாக அந்த அறிவிப்புகளை எல்லாம் மரியாதையாகக் கேட்டுவிட்டு, பிறகு தனக்குச் சரியென்று பட்டதைச் செய்து வருகிறவர் அவர் மனைவி நஸ்லின்.

"வித்துட்டு?"

"சின்னக் கார் ஒண்டு எடுக்கிற. அறுநூத்தறுபது சீசீ. லீட்டருக்கு இருபது கிலோமீட்டர் ஓடும். இந்த வேன் குடிக்கிற டீசலுக்கு ஒரு யானைய வெச்சுப் பாக்கலாம். டயர், சேர்விஸ், இன்சூரன்ஸ்... ரெண்டு பேருக்கு என்னத்துக்கு பன்னெண்டு சீட்?"

நியாயமான பேச்சுத்தான். மகன் றிஸ்மி மெல்பர்ன் போய் ஐந்து வருஷம். மகள் ஸும்றா கல்யாணம் கட்டி தோஹாவில். வேனில் மிச்சம் இருப்பது இவர்கள் இரண்டு பேரும் பத்துக் காலி சீட்டும். ஆனால் காரணம் அது இல்லை. உண்மைக் காரணத்தை உங்களிடம் மட்டும் சொல்கிறேன், பஜாரில் போய்ச் சொல்லிவிடாதீர்கள்.

ஸும்றாவுக்கு ஆறு மாசம். தலைப்பிள்ளை. பிள்ளைப்பேறு பார்க்க உம்மா தோஹா வர வேண்டும் என்று பேச்சு. நஸ்லினுக்கு விசாவும் வந்துவிட்டது. "மூணு மாசம் தானே" என்றார் நஸ்லின். அந்த மூணு மாசத்தை ஷிஹாப் நானா விரல்விட்டு எண்ணிப் பார்த்தார், தொண்ணூறு நாள். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து நஸ்லின் இல்லாமல் அந்த வீட்டில் அவர் ஒரு நாளும் தங்கியதில்லை. போகாதீங்க என்று ஒரு சொல் சொன்னால் முடிந்தது. அந்தச் சொல்தான் வரவில்லை. மகளுக்குப் பிள்ளை பிறக்கப் போகிற நேரத்தில், அறுபது வயசு மனுஷன் தனியாக இருக்க ஏலாது என்று மூக்கைச் சிந்துவதா? வெட்கம் பிடுங்கித் தின்றது.

சொல்ல ஏலாதவன் திட்டம் போடுவான். ஷிஹாப் நானா போட்டார்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் வெளிநாடு போவதென்றால், போகிறவர் ஒருத்தர், ஏற்றிவிடப் போகிறவர்கள் பதினொரு பேர். சோற்றுப் பார்சல், பாய், தண்ணீர்க் கேன், கைக்குழந்தை ஒன்று, வழியில் வாந்தி எடுக்க மச்சினி ஒருத்தி. கட்டுநாயக்கவில் வேனை நிறுத்தி, பாயை விரித்துச் சாப்பிட்டு, கட்டிப்பிடித்து அழுது முடித்தால்தான் அது பயணம். நஸ்லினுக்குத் தங்கச்சிமார் ஐந்து பேர். ஐந்து பேரும் ஏற்றிவிடாமல் ராத்தா கடல் தாண்டுவாரா? வேன் இல்லாவிட்டால் ஏற்றிவிடுதல் இல்லை. ஏற்றிவிடுதல் இல்லாவிட்டால் பயணம் இல்லை. செலவைக் குறைக்க வேனையே விற்ற வீட்டில், வாடகைக்கு வேன் பிடி என்று யாருக்கு வாய் வரும்? இருபது வருஷமாக அந்தத் தெருவில் அத்தனை பேரையும் ஏற்றிவிட்ட ஷிஹாப் நானாவுக்கு, வேன் இல்லாமலும் பிளேன் கிளம்பும் என்பது தோன்றவே இல்லை.

வீடு இரண்டாகும் என்று அவர் எதிர்பார்த்தார். நஸ்லின் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு ஒரு கரண்டி பருப்பை அள்ளி அவர் சோற்றுக் கோப்பையில் ஊற்றினார்.

"நல்லது தானே. வித்துடுங்க."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சுத்தான் சொல்றேன்."

"உங்கட தங்கச்சிமார் எல்லாம் பொறகு எதுல போற?"

"எங்க போக?"

"எங்கயாவது."

"பஸ்ஸுல போவாங்க. சோத்தத் தின்னுங்க, ஆறுது."

இரண்டு நாளில் ஸும்றா கோல் எடுத்தாள். உம்மாவுக்கு டிக்கட் போட்டாயிற்று, அடுத்த மாசம் இருபதாம் திகதி. ஷிஹாப் நானா போனை வைத்துவிட்டு முற்றத்துக்கு வந்தார். பக்கத்து வீட்டு நிலாம், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மதிலுக்கு மேலால் தலையைக் காட்டினார்.

"எத்தன மாசம் போறா?"

"மூணு."

நிலாம் சிரித்தார். நல்லதற்குச் சிரிக்கிற சிரிப்பு இல்லை அது.

"என்ட ஆளும் மூணு மாசத்துக்குத்தான் மகன்ட வீட்டுக்குப் போன. ரெண்டு வருசம் ஆகுது. மூத்தது நடக்கட்டும்ண்டா. நடந்துச்சு. இப்ப ரெண்டாவது தவழட்டுமாம்."

"அனே."

"உப்பு டின் எங்க ஈக்குண்டு வெளிநாட்டுக்குக் கோல் எடுத்துத்தான் கேக்கிற. நேத்து கோல் எடுத்தேன், அவ தூக்கம். உப்பில்லாமத் தின்னுட்டுப் படுத்தேன்."

"பவ், பாவம் மச்சான் நீ."

"நான் பழகிட்டேன். நீ தான் பவ். ரெண்டு பச்ச மொளகா ஈந்தாத் தா, வேன விக்கிற வேலையப் பொறகு பாப்போம்."

பச்சை மிளகாயைக் கொடுத்து அனுப்பிவிட்டு, ஷிஹாப் நானா அன்றைக்கே வேனை விற்க ஆள் பேசினார்.

ருவான்வெல்லையிலிருந்து ஒருவர் வந்து பார்த்தார், பிடித்துவிட்டது, சாவியைக் கேட்டார். ஷிஹாப் நானா சாவியை நீட்டி, இழுத்து, மறுபடி நீட்டினார். றிஸ்மியை ஏற்றிவிட்டதும் இந்த வேனில்தான். ஸும்றாவை ஏற்றிவிட்டதும் இதில்தான். போகும்போது நிறைந்து போகும், வரும்போது ஒரு சீட் காலியாக வரும். வேன் சந்தியில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியது. டீசல் புகை என்று நஸ்லினுக்கு அறிவித்தார்.

கார் பார்க்க இருவரும் கேகாலைக்குப் போனார்கள். இருந்ததிலேயே குட்டையான ஒரு வெள்ளைக் காரை ஷிஹாப் நானா காட்டினார். உள்ளே ஏறினால் முழங்கால் நாடியில் முட்டியது. பின்சீட்டில் ஷாமிளா ஒருத்தி ஏறினாலே கதவு சாத்த ஏலாது. ஷாமிளா என்பது நஸ்லினின் மூத்த தங்கச்சி, அழுகையில் ஐந்து பேருக்கும் தலைவி. டிக்கியைத் திறந்தார். ஒரு பெட்டி போகும், அதுவும் நெருக்கித்தான். ஷிஹாப் நானாவுக்கு உள்ளம் குளிர்ந்தது.

"இந்த இடம் காணுமா?" என்றார் மனைவியிடம்.

"உங்களுக்குக் காணுமா?"

"எனக்கு நல்லாக் காணும்."

"அப்ப எடுங்க," என்று சொல்லிவிட்டு நஸ்லின் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பயணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது தங்கச்சிமார் ஐந்து பேரும் வந்து இறங்கினார்கள். ஷிஹாப் நானா கதிரையை இழுத்துப் போட்டு நடு ஹோலில் உட்கார்ந்தார். அவர் காத்திருந்த நேரம் இதுதான்.

ஷாமிளா வாசலில் நின்ற காரை ஒருதரம் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார்.

"மச்சான், இதுல நாங்க எப்படி வார?"

"வர ஏலா."

"அப்ப ராத்தாவ யாரு ஏத்திவிட?"

"அதத்தானே நானும் கேக்கிற! கூடப் பொறந்த அஞ்சு பேர் ஏத்திவிடாம ஒரு பொம்பள எப்படி வெளிநாட்டுக்குப் போற? மொறையா? சாமான் வேற. பிள்ளப்பேத்து மருந்து, மாசி, கருவாடு... அந்த டிக்கில எங்க வெக்கிற? என்னக் கேட்டா, யோசிக்க வேண்டிய விசயம்."

ஷாமிளாவுக்கு உதடு துடித்தது. அழுகை வரப்போகிறது, பயணம் நிற்கப்போகிறது என்று ஷிஹாப் நானா நிமிர்ந்து உட்கார்ந்தார். குசினியிலிருந்து தேத்தண்ணித் தட்டோடு நஸ்லின் வந்தார்.

"சாமானெல்லாம் போன கெழமையே கார்கோல போட்டாச்சு. ஷாமிளாட மாப்பிள்ள தானே கொண்டு போய்க் குடுத்த. என்ட கையில ஒரு பெட்டி தான். நீங்க எல்லாரும் இங்கயே சலாம் சொல்லிட்டுப் போங்க."

"ராத்தா!"

"அழாதீங்க. நீங்க அஞ்சு பேரும் ஏர்போட்ல நிண்டு அழுதா எனக்குப் போக ஏலாமப் போயிடும். அது மச்சானுக்குத் தெரியும். அதுக்குத்தானே மனுசன் ஆசையா வெச்சிருந்த வேனையே வித்துட்டு இத எடுத்திருக்கார்."

ஐந்து பேரும் ஒன்றாகத் திரும்பி ஷிஹாப் நானாவைப் பார்த்தார்கள். பத்துக் கண்ணிலும் தண்ணீர்.

"மச்சான்," என்றார் ஷாமிளா, "உங்களப் போல ஒரு மனுசன எங்கயும் காண ஏலா."

அவர் மறுத்துப் பேச வாயைத் திறந்தார். தேத்தண்ணியைக் குடித்தார், சூடு நாக்கைச் சுட்டுவிட்டது.

இருபதாம் திகதி காலையில் இரண்டு பேரும் மட்டும் புறப்பட்டார்கள். வேன் ஓடின காலத்தில் நஸ்லின் எப்போதும் பின்னால்தான், பிள்ளைகளோடும் தங்கச்சிமாரோடும். முன்சீட்டில் சாமான் இருக்கும், இல்லாவிட்டால் யாராவது கிழவர் இருப்பார். இந்தக் காரில் தோளும் தோளும் முட்டியது. வளைவுக்கு வளைவு நஸ்லின் அவர் பக்கம் சாய்ந்தார். இவ்வளவு கிட்ட உட்கார்ந்து ஒரு பயணம் போக முப்பத்திரண்டு வருஷம் ஆகியிருக்கிறதே என்று ஷிஹாப் நானா வேகத்தைக் குறைத்தார்.

கேகாலையில் டயருக்குக் காற்றுப் பார்க்க நிறுத்தினார். வரக்காப்பொலையில் எள்ளுருண்டை வாங்க நிறுத்தினார். நிட்டம்புவையில் மறுபடி காற்றுப் பார்க்க நிறுத்தினார்.

"காத்துல என்ன கொறை?" என்றார் நஸ்லின்.

"புதுக் கார் தானே."

"எட்டு வருசம் ஓடின கார்."

"எங்களுக்குப் புதுசு தானே."

"வெரசா ஓட்டுங்க. பிளேன் எங்களுக்காக நிக்காது."

அதற்குப் பிறகு நஸ்லின்தான் பேசிக்கொண்டு வந்தார். காஸ் அடுப்பை மூடாமல் கடைக்குப் போகக்கூடாது. பிரஷர் குளிசையைக் காலையில் போட மறக்கக்கூடாது. ஷாமிளா வீட்டிலிருந்து பகல் சோறு வரும், வாங்கும்போது குறை சொல்லக்கூடாது. எல்லாவற்றுக்கும் ஷிஹாப் நானா "ஓ" என்றார்.

கட்டுநாயக்க வந்துவிட்டது. பாய் விரிக்கவில்லை, பார்சல் பிரிக்கவில்லை. பெட்டியை இறக்கித் தள்ளுவண்டியில் வைத்ததோடு வேலை முடிந்துவிட்டது. உள்ளே போகிற கதவுக்கு முன்னால், பாஸ்போட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நஸ்லின் திரும்பினார்.

"அப்ப போயிட்டு வாரேன்."

"நஸ்லின்."

"ம்?"

"போகாதீங்க."

அறிவிப்பு மாதிரி வரவில்லை. அறுபது வயசும் பஜார் மரியாதையும் எல்லாம் போய், சனம் போகிற வழியில் நின்று அவர் அழுதார்.

"எனக்கு அந்த வீட்டுல தனிய ஈக்க ஏலா. பயமா ஈக்கு. நீங்க போகாம ஈக்கணும்ண்டுதான் நான் வேனையே வித்தேன்."

நஸ்லின் தள்ளுவண்டியை விட்டுவிட்டு அவரையே பார்த்தார். முக்காட்டு நுனியால் முதலில் அவர் கண்ணைத் துடைத்தார், பிறகு தன் கண்ணைத் துடைத்தார்.

"மருமகன்ட உம்மா தானே பிள்ளப்பேறு பாக்கப் போறேண்டு நிண்டாங்க," என்றார் மெதுவாக. "நான் தான் அவங்கள ஒரு கெழம பொறுங்க, ஒரு கெழம பொறுங்கண்டு நிப்பாட்டி வெச்சிருந்தேன். நீங்க இந்த ஒரு சொல்லச் சொல்லுவீங்க, சொல்லுவீங்கண்டு வாயப் பாத்துக்கிட்டே ஈந்தேன். விசா வந்தும் டிக்கட் போடல்ல."

"பொறகு ஏன் போட்டீங்க?"

"ரெண்டு பேருக்கு என்னத்துக்கு இவ்வளவு பெரிய வேன்ண்டு அண்டைக்குச் சோத்துக்கு முன்னால சொன்னீங்களே, நான் போறத்துக்கு முன்னாலேயே செலவச் சுருக்குறார், இந்த மனுசன் தனிய ஈக்கத் தயாராகிட்டார்ண்டு நெனச்சு அண்டைக்குப் பின்னேரமே டிக்கட்டப் போடச் சொன்னேன்."