என் மரங்களுக்கு எண் போட்ட மகள்

ஃபோசுக்ரோம்,
சனிக்கிழமை.

மகா கனம் பொருந்திய மச்சான் யாவ் ஒஹெனே அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் தங்கையின் கணவன் க்வாகு ஒடாமே எழுதிக்கொண்டது. இங்கே நானும் தங்கள் தங்கை அபெனாவும் ஆடுகளும் நலம். கோக்கோ இந்த வருஷம் நன்றாகப் பூத்திருக்கிறது. அக்ராவில் தங்கள் முழங்கால் வலி தேவலையா என்று அறிய ஆவல். இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். இந்த வீட்டுப் போனுக்கு ரிப்பேர் பார்ப்பவள் என் மகள் ஆனிமா. அதற்குள் என்ன வைத்திருக்கிறாளோ, யார் கண்டது?

பெண்ணை வனவியல் படிக்கப் பல்கலைக்கழகத்தில் சேர்த்துவிட்டது தாங்கள்தான். கடைசி வருஷ லீவுக்கு வந்தவளிடம், முடித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று தற்செயலாகக் கேட்பது போலக் கேட்டேன். வன அதிகாரி ஆகலாமாம். சரணாலயத்தில் யானை எண்ணலாமாம். நாற்றுப்பண்ணை நடத்தலாம், மர ஆலையில் பலகையின் தரம் பார்க்கலாம். இதுவரை சரி. பிறகு சொல்கிறாள், "மரத்துக்குள்ள எவ்வளவு கரி இருக்குன்னு கணக்குப் போடற வேலையும் இருக்குப்பா. மரத்தை வெட்டாம வெச்சிருந்தா அதுக்கே பணம் கொடுக்கறவங்க இருக்காங்க" என்று. மச்சான், வெட்டாத மரத்துக்கு எவன் பணம் கொடுப்பான்? அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது.

மறுநாள் ஒரு தாளை நீட்டி, "இதுல ஒரு கையெழுத்துப் போடுங்கப்பா" என்றாள். என்னிடமா? நான் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதற்கப்புறம் தினமும் தோட்டத்துக்குப் போவாள், என் மரங்களை நெஞ்சு உயரத்தில் டேப் வைத்துக் கட்டிப்பிடித்து அளப்பாள், ஏதோ ஒரு கருவியைக் கண்ணில் வைத்து உச்சியைப் பார்ப்பாள், நோட்டில் எழுதுவாள். அளந்தவரைக்கும் பொறுத்தேன். ஒரு நாள் போய்ப் பார்த்தால் மஹோகனி, ஒஃப்ராம் என்று பதினேழு மரத்திலும் சிவப்புப் பெயிண்டில் நம்பர். மரத்துக்கு நம்பர் விழுந்தால் பின்னாலேயே லாரி வரும் என்பது நம் பக்கத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். பக்கத்துத் தோட்டத்து அட்டாவுக்கு என்ன ஆனது? பெரிய மரமெல்லாம் அரசாங்கத்துடையது என்றார்கள், நம்பர் போட்டார்கள், நாலு மரம் வெட்டினார்கள், அது விழுந்து நசுங்கிய கோக்கோச் செடி எண்பது. இப்போது அட்டா வெயிலில் உட்கார்ந்திருக்கிறார்.

"இதையெல்லாம் எழுதி யாருக்குக் கொடுப்ப?" என்று கேட்டேன்.

"பேராசிரியருக்குப்பா."

"அவர் யாருக்குக் கொடுப்பார்?"

"அவர் யாருக்கும் கொடுக்க மாட்டார். மார்க் போடுவார்."

அத்தனை மரத்தையும் வாங்கிக்கொண்டு வெறும் மார்க் போடுகிற ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை. யோசித்துப் பார்த்தேன், எல்லாம் விளங்கிற்று. நம் வழக்கம்தான் தங்களுக்குத் தெரியுமே. நான் கண்ணை மூடினால் தோட்டமும் மரமும் என் அக்கா மகன்களுக்கு. பெற்ற பெண்ணுக்கு ஒரு காய்கூடக் கிடையாது. அதனால்தான் நான் உயிரோடு இருக்கும்போதே விற்றுவிடப் பார்க்கிறாள். அவள் பிறந்த வருஷம் நாற்றுகளைத் தலையில் சுமந்து வந்து நட்டவன் நான் மச்சான்.

வியாழக்கிழமை காரில் இரண்டு பேர் வந்து இறங்கினார்கள். உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, வந்த காரியம் என்ன என்று முறைப்படி கேட்டேன். பெரியவர் வாய்கூசாமல் சொன்னார், "ஆனிமாவோட மரங்களைப் பாத்துட்டுப் போகலாம்னு வந்தோம்." ஆனிமாவுடைய மரங்களாம்! "ஐயா, இன்னைக்கு வியாழன். பூமித்தாய்க்கு ஓய்வு. இன்னைக்கு யாரும் தோட்டத்துல கால் வைக்கக்கூடாது. நாளைக்குப் பாக்கலாம்" என்றேன். தெய்வம் என் பக்கம் இருந்தது. அவர்கள் ஃபூஃபூவும் பனைக்கொட்டைச் சூப்பும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்கள். வந்தது மரத்துக்காகத்தான் என்றால் இவ்வளவு பசி எதற்கு?

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அரிவாளோடு போய்ப் பதினேழு நம்பரையும் சுரண்டி எடுத்தேன். அதோடு விட்டிருக்கலாம். லாரி வந்தால் வெறுங்கையோடு போகுமா என்று தோன்றியது. அவளுடைய பெயிண்ட் டப்பாவை எடுத்து அதே நம்பர்களை உபயோகமில்லாதவற்றில் எழுதிவைத்தேன். பிறகு தோட்டத்துக்கு வந்த பெரியவர் நோட்டைப் பிரித்து, "ஒன்பதாம் நம்பர், மஹோகனி, சுற்றளவு நூத்திப் பதினெட்டு சென்டிமீட்டர், உயரம் பத்தொன்பது மீட்டர்" என்று படித்துவிட்டு நிமிர்ந்தார். எதிரே குலை தள்ளிய வாழை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "ஆனிமா, மரம் ரொம்ப இளைச்சிருக்கேம்மா" என்றார். பதினான்காம் நம்பர் கக்கூஸ் கதவில் இருந்தது. அதை அவர் அளக்கவில்லை.

ஆனிமா என் விரலில் இருந்த சிவப்பைப் பார்த்தாள். "மூணு மாச வேலைப்பா. இது இல்லாம எனக்குப் பட்டம் கிடைக்காது" என்று வரப்பிலேயே உட்கார்ந்து அழுதாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். ஆனாலும் மச்சான், வெறும் படிப்புக்காக ஒருத்தி இப்படி அழுவாளா? ஆகவே தாங்கள் உடனே இந்தப் படிப்பை நிறுத்தி அவளை நர்ஸ் வேலைக்குப் படிக்கவைக்க வேண்டியது. நர்ஸ் என்றால் மனிதர்களுக்குத்தான் நம்பர் போடுவாள், எனக்குக் கவலையில்லை.

முன்னோர்கள் தங்கள் முழங்காலைக் காப்பார்களாக. தங்கள் வீட்டம்மாவுக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் அன்பு.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன்
க்வாகு ஒடாமே

பின்குறிப்பு (திங்கட்கிழமை): அக்ராவுக்குத் தபால் கொண்டுபோகும் வேன் அச்சு முறிந்து நின்றதால் கடிதம் இன்னும் என்னிடமே இருக்கிறது. இதற்கிடையில் ஆனிமா கையெழுத்துக் கேட்ட அந்த இங்கிலீஷ் தாளை வேதபாட ஆசிரியர், மருத்துவச்சி, வேன் டிரைவர் மூவரிடமும் தனித்தனியாகக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். மூவரும் ஒரே மாதிரி படித்தார்கள். தன் கையால் நட்டு வளர்த்த மரத்தைப் பதிவு செய்துவிட்டால் அது நட்டவனுடையதாம், அவன் சம்மதம் இல்லாமல் எந்த லாரியும் தொட முடியாதாம். நட்டவர், உரிமையாளர் க்வாகு ஒடாமே என்று எழுதி, கீழே பின்னால் அளந்த பதினேழு மரத்தின் அளவையும் வரிசையாக எழுதியிருந்தாள். நான் சுரண்டிய அதே பதினேழு.

நேற்று அவளோடு தோட்டத்துக்குப் போய் எது எந்த மரம் என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். "ஏழு எதுப்பா?" என்றாள். "அந்தக் கோணல் மரம். நடக்கப் பழகுறப்போ நீதான் அதைப் பிடிச்சு ஒடிச்ச" என்றேன். அளந்து பார்த்தாள், நோட்டில் இருந்ததுதான். காரில் வந்த பெரியவர்தான் அவள் சொன்ன பேராசிரியராம், எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டாராம். அப்புறம் தாளில் உரிமையாளர் என்ற இடத்தில் இருந்த என் பெயரை அடித்துவிட்டு அவள் பெயரை எழுதச் சொன்னேன். "அத்தை பசங்க சும்மா விடுவாங்களாப்பா?" என்று கேட்டாள். விடமாட்டார்கள். எனவே மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிட்டு, என் கொடையை அவள் சார்பில் ஏற்றுக்கொண்டு சாட்சி நிற்க, நம் முறைப்படி ஒரு ஸ்னாப்ஸ் சாராயப் பாட்டிலோடு வரும் சனிக்கிழமை வந்து சேரவும். பாட்டிலை வழியில் திறக்கவேண்டாம். மூடியை நான் பார்ப்பேன்.