என் குடல் பெண் பார்க்கப் போன கதை

நோய்களிலும் மரியாதைக்குரியவை உண்டு. நெஞ்சுவலி என்று சொன்னால் நாற்காலி இழுத்துப் போட்டு உட்காரச் சொல்வார்கள். எனக்கு வாய்த்ததோ கக்கூஸை விட்டு வெளியே வரவிடாத நோய். அறுபதுகளின் தொடக்கத்தில் நான் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் குமாஸ்தா. பல மாதங்களாக ரத்தமும் சளியுமாகப் போய்க்கொண்டிருந்தது. வயிற்றுக்கடுப்பு என்று எல்லாரும் சொன்னதால் கிருமி மருந்தாக விழுங்கித் தள்ளினேன். (கிருமிகள் அதைச் சத்து மருந்தாக எடுத்துக்கொள்கின்றன என்று சந்தேகம்.)

இந்த லட்சணத்தில் அக்காள் கணவர் எனக்குப் பெண் பார்த்துவிட்டார். சிராங்கூன் சாலையில் ஜவுளிக்கடை வைத்திருந்தவரின் மகள். கடைக்கு மேலேயே வீடு. வயிற்றைப் பற்றி மூச்சு விடக்கூடாது என்று அத்தான் வழியெல்லாம் எச்சரித்துக்கொண்டு வந்தார். நானும் முன்ஜாக்கிரதையாகக் காலையிலிருந்து பட்டினி.

கேசரியில் ஒரு வாய்தான் வைத்தேன். குடல் முறுக்கியது. கக்கூஸ், அடியில் வாளி வைத்த அந்தக் காலத்து வகை, அடுக்களையைத் தாண்டிப் பின்பக்கம் இருந்தது. அடுக்களையில் பெண்ணும் அவள் தாயாரும் அத்தைமார்களும். என்னைப் பெண் பார்க்க அழைத்திருந்தார்கள். அவர்கள்தான் என்னைப் பார்த்தார்கள், போகும்போதும் வரும்போதும், திரும்பத் திரும்ப. கடைசித் தடவை வாளியில் ரத்தத்தைப் பார்த்துவிட்ட ஓர் அத்தை கூடத்துக்கு வந்து பெண்ணின் அப்பா காதில் ஏதோ சொன்னார்.

அவர் நிதானமாகக் கேட்டார்: "தம்பி, உடம்புக்கு என்ன?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். "கேசரி கெட்டுப்போச்சு போலிருக்கு" என்றேன்.

"அதே கேசரியத்தான் நாங்களும் சாப்பிட்டோம்."

அத்தான் செருப்பைத் தேட ஆரம்பித்தார்.

அடுத்த வாரமே எனக்குத் தொற்றுநோய் என்று சிராங்கூன் சாலை வட்டாரமான தேக்கா முழுக்கப் பேச்சு. வழக்கமாகத் தேநீர் குடிக்கும் கடையில் எனக்கென்று தனிக் கிளாஸ் ஒதுக்கினார்கள். அந்த அவமானம் தாங்காமல்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அங்கே ஒரு சீன டாக்டரம்மா குழாய் விட்டுக் குடலைப் பார்த்தார். மலத்தைச் சோதித்துவிட்டு, கிருமி எதுவும் இல்லை, வெள்ளையணுக்கள்தான் குவிந்து கிடக்கின்றன என்றார். கிருமியோடு சண்டை போட வேண்டியவை அவை. சண்டைக்கு ஆளில்லாத இடத்துக்கு ஏன் வந்தன என்று கேட்டேன். அவை என் குடலையே எதிரியாக நினைத்து அடிப்பதாகச் சிலர் சொல்கிறார்கள், உறுதியாக யாருக்கும் தெரியாது என்றார். யாருக்கும் ஒட்டாது என்பதை மட்டும் அடித்துச் சொன்னார்.

எனக்கு அது போதும். துள்ளிக்கொண்டு நேரே ஜவுளிக்கடைக்குப் போனேன். கேசரிக்கு மன்னிப்புக் கேட்டு, வெள்ளையணு விவகாரத்தை ஒன்று விடாமல் விளக்கினேன். பெண்ணின் அப்பா துணி மடிப்பதை நிறுத்திவிட்டுப் பொறுமையாகக் கேட்டார்.

"ஒட்டாதுன்னா சந்தோஷம் தம்பி. ஆனா சொந்த உடம்புக்கே ஒத்துக்காத ஆளுக்கு நான் எப்படிப் பொண்ணு குடுக்கறது?"

அவர் மறுபடி துணி மடிக்க ஆரம்பித்தார். அவர் மட்டுமல்ல, வேறு யாரும் எனக்குப் பெண் கொடுக்கவில்லை.

அந்த வாக்கியத்தை அத்தானிடம் சொன்னதுதான் நான் செய்த பெரிய மடத்தனம். குடும்பத்தில் என் பெயரே ‘ஒத்துக்காத ஆளு’ என்றாகிவிட்டது. கல்யாணம், காதுகுத்து எதிலும் அத்தான் இந்தக் கதையைச் சொல்லாமல் பந்தி முடியாது. வருஷத்துக்கு வருஷம் நான் அடுக்களையைக் கடந்த தடவைகள் கூடிக்கொண்டே போகின்றன.

பின்னாளில் பெருங்குடலையே வெட்டி எடுத்தார்கள். கண் விழித்தபோது அத்தான் கட்டிலருகே உட்கார்ந்து, தமிழ் நர்ஸ் ஒருவரிடம் என் கதையைச் சொல்லிக் கேசரி வரைக்கும் வந்திருந்தார். அந்த நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தையல் மேல் கையை அழுத்திக்கொண்டு நானும் சிரித்தேன். வலித்தது.