தலைவரும் வாலும்

முகத்தில் பாதி சோப்பு நுரை. கையில் சவரக்கத்தி. அந்தக் கோலத்திலேயே குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று மெர்வின் சபதம் செய்தார். நாளை ஞாயிற்றுக்கிழமையோடு நோரீனின் நடைப் பைத்தியம் தீர்ந்தது. இனி அவள் ஜென்மத்துக்கும் மலைப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது.

நோரீன் அவருடைய மனைவி. சபதத்துக்கும் காரணம் இருந்தது. பதினாலு வருஷமாக மெர்வினுக்கு ஞாயிறு என்றால் சிட்னி காட்டு நடைக் கழகம்தான். வாரத்தில் ஆறு நாள் வீட்டில் எலி; ஞாயிறு ஒரு நாள் வெளியில் புலி. அவர் விசில் அடித்தால் பதினாலு பேர் நிற்பார்கள், கை காட்டினால் நடப்பார்கள். சாயங்காலம் வீடு திரும்பியதும் கயிற்றில் தொங்கிய பாறை, காலைச் சுற்றிய பாம்பு என்று நோரீனிடம் அளந்து கொட்டுவார். அளப்பதற்கு ஒரே ஒரு வசதி வேண்டும். கேட்கிறவள் அந்த இடத்தைப் பார்த்திருக்கக் கூடாது.

அந்த வசதிக்குத்தான் இப்போது வேட்டு. மூன்று மாதம் முன்னால் நோரீன் கழகத்தில் பெயர் கொடுத்துவிட்டாள். புது ஆள் மூன்று நடையை முழுசாக நடந்து காட்ட வேண்டும். மூன்றாவது நடையின் தலைவர் அன்றைக்கே படிவத்தில் கையெழுத்துப் போட்டால்தான் உறுப்பினர். இரண்டை வேறு தலைவர்களோடு முடித்துவிட்டாள். மூன்றாவதுக்குத் தலைவர் யார்? சாட்சாத் மெர்வின்! பழம் நழுவிப் பாலில் விழுந்தது. பெல்லாவாரா தேசியப் பூங்காவில் ஆறு மேடு ஏறி இறங்கும் பாதையைத் தேடிப் பிடித்துத் தேர்ந்தெடுத்தார்.

சனிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டில் ஆழம் பார்த்தார்.

"நாளைக்கு ரொம்ப செங்குத்து, நோரீன்."

"பாத்துக்கலாம்."

"பதினாறு கிலோமீட்டர்."

"பேப்பர் எங்க, கண்ணாடி எங்கன்னு நீ கேக்கறதுக்கு வீட்டுக்குள்ளயே தினம் அவ்வளவு நடக்கறேன்."

"அட்டை கடிக்கும்."

"உங்கம்மாகூட மூணு வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கேன். அட்டை எம்மாத்திரம்?"

"உனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை?"

"வேண்டாத வேலையை நீ மட்டும் பதினாலு வருஷமா விடாம செய்யறியே?"

மெர்வின் உருளைக்கிழங்கை முள்கரண்டியால் ஓங்கிக் குத்தினார். பேசு, பேசு, நாளைக்கு இருக்கு உனக்கு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு தண்ணீரைக் குடித்தார்.

அவர் கையில் ஒரு சூட்சுமம் இருந்தது. காட்டு நடையில் முன்னால் போகிறவர் தலைவர். ஆகக் கடைசியில் வருகிற ஆளுக்கு 'வால்' என்று பெயர். வாலுக்குப் பின்னால் ஒரு ஈ காக்காய் இருக்கக் கூடாது. ஒவ்வொரு மேட்டின் உச்சியிலும் தலைவர் நிற்க வேண்டும், வால் வந்து சேர்ந்த பிறகுதான் கிளம்ப வேண்டும். யாரும் தொலைந்து போகாமலிருக்க ஏற்பாடு. ஆனால் முன்னால் வந்தவர்கள் பத்து நிமிஷம் உட்கார்ந்து கதை பேசியிருப்பார்கள். வால் வந்து முதுகுப் பையை இறக்குவதற்குள் 'கிளம்பலாம்' என்று சொல்லிவிட்டால்? வாலுக்கு ஓய்வே கிடையாது! நாலாவது மேட்டில் ரயில் நிலையத்துக்கு ஒரு கிளைப்பாதை இறங்குகிறது. நோரீன் அதில் இறங்கிப் போய்விடுவாள். கையெழுத்தும் கிடையாது, கழகமும் கிடையாது.

ஞாயிறு காலை, கார் நிறுத்துமிடத்தில் செயலாளர் ஹில்டா தலைகளை எண்ணினாள். எழுபத்திரண்டு வயசு, ஓய்வு பெற்ற நர்ஸ். சட்டத்தை மருந்துச் சீட்டு மாதிரி படிப்பவள்.

"இன்னிக்கு வால் யாரு, மெர்வின்?"

"நோரீன். புது ஆளுக்கும் பொறுப்பு குடுக்கணும்ல?"

"ஆகட்டும், தலைவரே. நீங்க சொன்னாச் சரி," என்றாள் நோரீன்.

கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்தில் அவள் வாயிலிருந்து 'நீங்க' வந்தது இதுதான் முதல் தடவை. மெர்வின் அரை அடி வளர்ந்தார்.

முதல் மேட்டிலேயே அந்த அரை அடி இறங்கிவிட்டது.

"தலைவரே!" என்று கீழேயிருந்து கத்தினாள் நோரீன். "நீங்க போன மாசம் கயிறு கட்டித் தொங்கின பாறை இதுதானா? கைப்பிடியோட படி கட்டியிருக்கே!"

"அப்ப படி இல்ல!"

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தஞ்சுன்னு படியில செதுக்கியிருக்கே!"

மற்ற பதிமூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் இருமல் வந்தது.

இருக்கட்டும் என்று மெர்வின் சூட்சுமத்தை அவிழ்த்துவிட்டார். முதல் உச்சிக்கு நோரீன் மூச்சு வாங்க வந்தாள். "கிளம்பலாம்!" இரண்டாவது உச்சியில் தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள். "கிளம்பலாம்!" அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். பாட்டிலை மூடினாள். அந்தப் பார்வைக்கு மெர்வின் அப்போதே பயந்திருக்க வேண்டும்.

மூன்றாவது உச்சியில் பத்து நிமிஷம் ஆயிற்று. கால் மணி ஆயிற்று. வாலைக் காணோம்.

"வால் வரலைன்னா தலைவர்தான் போய்ப் பாக்கணும்," என்றாள் ஹில்டா, சாவகாசமாகக் காலை நீட்டிக்கொண்டு.

மெர்வினுக்கு உள்ளே பட்டாசு வெடித்தது. ஆள் விழுந்துவிட்டாள்! துள்ளி இறங்கினார். பாதி மேட்டுக்குக் கீழே, தைலமர நிழலில், பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு நோரீன் பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"என்ன நோரீன், முடியலையா? ரயிலுக்குப் போயிடறியா?"

"எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன். பிஸ்கட் வேணுமா தலைவரே?"

"மேல எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க!"

"காத்துக்கிட்டுதானே ஆகணும்? நான் வராம கிளம்ப முடியாதே. வந்து சேர்ற இடத்துல ஓய்வு குடுக்க மாட்டேங்கறீங்க. அதான் வர்ற வழியிலயே எடுத்துக்கறேன்."

"சட்டப்படி நீ..."

"சட்டப்படி வால் கடைசியா வரணும். இதைவிடக் கடைசியா எப்படி வர்றது?"

பூட்ஸை மாட்டிக்கொண்டே, குரலைத் தாழ்த்தினாள். "பதினாலு வருஷமா ஞாயித்துக்கிழமைச் சாப்பாட்டைத் தனியா சாப்பிடறேன், மெர்வின். எனக்கும் வாரத்துல ஒரு நாள் வேணும். கையெழுத்து வாங்காம நான் போறதா இல்ல."

மெர்வினுக்கு மனசு ஒரு நிமிஷம் சங்கடப்பட்டது. ஆனால் சபதம் சபதம்தானே? ஏறினார். அதே மேடு, இரண்டாம் தடவை. உச்சியில் பதிமூன்று பேரும் புத்தம் புதுசாக எழுந்து நின்றார்கள்.

"வால் வந்தாச்சு. கிளம்பலாமா?" என்றாள் ஹில்டா.

இரு என்று சொன்னால் மானம் போகும். "கி... கிளம்பலாம்," என்றார்.

நாலாவது மேட்டில் மறுபடி வாலைக் காணோம். மறுபடி இறங்கினார். நோரீன் வாலை யாழ் மாதிரி விரித்து நின்ற யாழ்ப்பறவையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "உஷ், சத்தம் போடாதீங்க, பறந்துடும்." மறுபடி ஏறினார். ஊரெல்லாம் ஒரு தடவை ஏறிய மலையைத் தலைவர் மட்டும் இரண்டு தடவை ஏறினார். கிளைப்பாதைக்கு வந்தபோது அவருடைய வலது முழங்கால் ராஜினாமா செய்துவிட்டது.

"கால் முடியலைன்னா ரயில்ல போயிடுங்க தலைவரே," என்றாள் நோரீன் பரிவாக. "நாங்க பாத்துக்கறோம்."

"முழுசா நடப்பேன்!"

"அப்ப பையைக் குடுங்க." அவர் பையைத் தன் முன்பக்கம் மாட்டிக்கொண்டாள். முதுகில் ஒன்று, வயிற்றில் ஒன்று. "எனக்கு முன்னால நடங்க. வாலுக்குப் பின்னால யாரும் இருக்கக் கூடாது."

ஹில்டா முன்னால் போனாள். ஐந்தாவது உச்சிக்கு மெர்வின் ஒரு கொம்பை ஊன்றிக்கொண்டு போய்ச் சேர்ந்து, ஒரு கல்லைப் பார்த்து உட்காரக் குனிந்தார்.

"கிளம்பலாம்!" என்றாள் ஹில்டா.

ஆறாவதிலும் அதேதான். குக்கபுரா ஒன்று மரத்தில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தது. அது எப்போதும் சிரிக்கிற பறவைதான் என்றாலும் அன்றைக்கு மெர்வினுக்குக் கோபம் வந்தது.

கார் நிறுத்துமிடத்தில் நோரீன் படிவத்தை நீட்டினாள். போடாமல் இருக்க ஒரு காரணம் தேடினார். கிடைக்கவில்லை. போட்டார். போட்டதும் ஒரு ஆறுதல் தோன்றியது. ஆயிரம் இருந்தாலும் தலைவர் தலைவர்தானே?

"சரி நோரீன். இனிமே சேர்ந்தே வருவோம். தலைவர் நான், வால் நீ."

ஹில்டா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள். "அது முடியாது மெர்வின். தன் பையை அடுத்தவங்க சுமக்க யார் நடையை முடிச்சாலும், ஆறு மாசத்துக்கு எளிய நடை மட்டும்தான். தலைவர் பொறுப்பும் கிடையாது. போன வருஷப் பொதுக்குழுவுல தீர்மானம் கொண்டுவந்ததே நீதானே?"

"அது பையைத் தூக்க முடியாத கீத் கிழவனைக் கழட்டிவிடறதுக்கு!"

"கீத்தும் வருவாரு. உனக்குப் பேச்சுத் துணை."

நோரீன் படிவத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"அடுத்த ஞாயிறு எனக்கு மலை, மெர்வின். உனக்கு ஏரிக்கரை, மூணு கிலோமீட்டர், சிமெண்டுப் பாதை. பின்னால குழந்தை வண்டி வந்தா, ஓரமா ஒதுங்கி வழி விட்டுடு, என்ன?"