கூஜாவை உடைத்தது உன் கால்

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அங்கே உன் முழங்கால் வலியும் அத்தானின் இருமலும் அடங்கியிருக்க வேண்டும். விசாரிப்பு முடிந்தது, விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவின் நீலக் கண்ணாடிக் கூஜாவை நான் உடைக்கவில்லை. சாட்சி கிடைத்துவிட்டது.

உனக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்காது. நீ சுவரோரம் உட்கார்ந்து உன் கால்மிதி மிஷினில் தைத்துக்கொண்டிருந்தாய், கூஜா உன் தலைக்கு மேலே பலகையில் இருந்தது, நான் வாசற்படியில் கால் வைத்தேன், அது விழுந்தது. "இவ கை பட்டா இரும்பும் உடையும்"னு சொன்னாய். என் கை எங்கே, கூஜா எங்கே? அன்றிலிருந்து எனக்கு உடைசல் என்று பட்டப்பெயர். உன் கல்யாணத்தில் ஊருக்கெல்லாம் கண்ணாடி கிளாஸில் ஜூஸ், எனக்கு மட்டும் எவர்சில்வர் டம்ளர். அதையும் நான் மறக்கவில்லை.

இப்போது கேள். மகன் துணி துவைக்கிற மிஷின் ஒன்று வாங்கி, சமையலறையில் கிளாஸ் அடுக்கும் பலகைக்குக் கீழே வைத்தான். வந்ததிலிருந்து கிளாஸ் கிளாஸாக விழுகிறது, எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். சும்மா விடுவேனா, எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். மெதுவாகச் சுற்றும்போது கிளாஸ் அசையவில்லை, பேய் வேகத்தில் சுற்றும்போதும் அசையவில்லை, நிற்கப்போகிற சமயம் நடுவில் ஒரு வேகம் வருகிறது பார், அப்போது பலகை நடுங்கி, கிளாஸ் கிணுகிணுவென்று தானாகவே நடந்து விளிம்புக்கு வருகிறது. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிற என் மருமகளைக் கூப்பிட்டேன்.

"அத்தை, கையை எங்க வெச்சிருக்கீங்க?"

"மடியிலதான் இருக்கு, நல்லாப் பாத்துக்கோ."

கிளாஸ் விழுந்தது. அவள் அசந்துபோனாள். "ஊஞ்சலை அது திரும்பி வர்ற நேரம் பாத்துத் தள்ளினா, லேசாத் தொட்டாலே எகிறும் இல்ல அத்தை? ஒவ்வொரு பொருளுக்கும் அப்படிச் சொந்தமா ஒரு ஆட்டம் உண்டு. அதே தாளத்துல தட்டினா போதும், பெருசா ஆடிடும்." அதற்கு ஒத்ததிர்வு என்று பெயராம். நம் வீட்டில் இத்தனை காலமும் அதற்கு என் பெயரைத்தான் வைத்திருந்தீர்கள்.

ஓரம் அடிக்கும்போது உன் கால் ஒரே சீராக ஓடும், ஊரே மெச்சும். அந்தச் சீர்தான் அக்கா, சுவர் வழியே ஏறிப்போய்க் கூஜாவை நடக்க வைத்தது. ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்து உன் கண்ணால் பார்த்துவிட்டு, எல்லோர் முன்னாலும் "இவ உடைக்கலை"னு ஒரு வார்த்தை சொல். எனக்கு வேறெதுவும் வேண்டாம்.

அத்தானுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு ஆசி. உனக்கு என்ன என்பதை ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன்.

இப்படிக்கு,
உடைக்காத தங்கை

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகும்போது மகன் மெக்கானிக்கைக் கூட்டிவந்துவிட்டான். அவர் மிஷினின் ஒரு காலைத் திருகி, அடியில் ரப்பர் வைத்துவிட்டுப் போனார். இப்போது ஒரு கிளாஸும் அசையவில்லை. சாட்சி போயிற்று. மகனோடு நான் பேசுவதில்லை. ஆகவே நீ வரும்போது உன் தையல் மிஷினையும் ஏற்றிக்கொண்டு வா. அதை ஒரு நாளுக்காக யாரும் தூக்கிவர மாட்டார்கள், மாற்றுப் புடவைகள் நிறைய எடுத்து வை. நிரூபணம் ஆகும்வரை உனக்கு எவர்சில்வர் டம்ளர்தான். சீக்கிரம் நிரூபிக்க எனக்கும் அவசரமில்லை.