சுகிர்தபாய் ஆடு கட்டிய வைஸ்

கோயம்புத்தூரில் இரும்பை அடித்தே ஆளாகிக்கொண்டிருக்கும் அக்காள் மகன் ஜெனிலுக்கு, பாறசாலை மாமா விஜயதாஸ் எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கு யாவரும் சுகம். மாமிக்கு மட்டும் என்மேல் சுகமில்லை, காரணம் கீழே. போனில் சொன்னால் பெருவிரல் படம் ஒன்றைப் போட்டு முடித்துவிடுவாய், ஆகவே கடிதம்.

"மாமா, அடி தாங்குத பழைய கொல்லப்பட்டறை வைஸ் கிடைக்கல்லேண்ணா, பள்ளிக்கூடத்து கேற்று வேலை கையைவிட்டுப் போவும்" என்றாய். அன்றே சுத்தியலும் கையுமாகப் புறப்பட்டேன். இரும்பைக் கவ்விப் பிடிக்கும் அந்த வைஸுக்கு நீ சொன்ன அடையாளம்: தரைவரை இறங்கும் ஒற்றைக் கால், தாடைகளுக்கு நடுவே பட்டை வில், தட்டினால் மணியோசை. கள்ளிக்காட்டில் ஒருவர் பெருமையாகக் காட்டியது ரப்பர் ஷீட் அடிக்கும் மெஷின். ஒற்றசேகரமங்கலத்தில் பழைய இரும்புக் கடையில் இருந்ததற்குக் காலே இல்லை. நான் தட்டியதும் தாடையும் இல்லை. நெய்யாற்றுக்கும் கடலுக்கும் நடுவே நான் தட்டாத இரும்பு ரயில் தண்டவாளம் ஒன்றுதான். அதையும் தட்டியிருப்பேன், நாகர்கோவில் பாசஞ்சர் வந்துவிட்டது.

விடுவேனா? இன்று நம் சபையில் அறுப்பின் பண்டிகை, காணிக்கைப் பொருள்களை ஏலம் விடும் நாள். வாழைக்குலைகளுக்கு நடுவே சுகிர்தபாய் அக்கா காணிக்கையாக ஒன்றைக் கொண்டுவந்து சாய்த்தார்: அவர் ஆடு கட்டும் இரும்புக் குற்றி. காற்றில் வாழை முழுதும் சாய்ந்துபோய்க் கொடுக்கக் குலை இல்லாததால் அதையே தோண்டி எடுத்திருக்கிறார். கழுத்துவரை புதைந்திருந்தது இப்போது முழுதாகத் தெரிந்தது. கால் உண்டு. வில் உண்டு. ஓசை? ஜெபத்தின் நடுவே மெதுவாகத்தான் தட்டினேன். ஜெபம் முடிந்த மணி என்று சபையே ஆமென் சொல்லி எழுந்துவிட்டது.

"எலே விஜயதாஸு, நீ ஏலம் பிடிக்க வந்தியா, கோயிலை இடிக்க வந்தியா?" என்றார் அக்கா.

ஏலத்தில் எல்லாரும் ஒதுங்கினார்கள், நம் சபைப் பையன் ராபின்சன் தவிர. அவன் போனைக் காதில் வைத்துக்கொண்டு விலையை ஏற்றுகிறான், நான் ஏற்றுகிறேன், அவன் ஏற்றுகிறான். போனின் அந்தப் பக்கம் கொச்சியில் எவனோ பழம்பொருள் பைத்தியக்காரன் என்று எனக்குப் புரிந்துவிட்டது. என் மருமகன் பிழைப்பில் எவனோ கைவைப்பதா? மாமியின் சீட்டுப் பணம் முழுதையும் இறக்கி வென்றேன். லாரி அனுப்பு.

உன் உலை அணையாதிருக்கவும், உன் பெண்டாட்டி சுமி என்னைப்பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லவும் ஆசீர்வதிக்கும்,
மாமா.

பி.கு.: லாரி வேண்டாம். கோயில் முற்றத்திலேயே எழுதி முடித்து இதை ஒட்டும்போது ராபின்சன் வந்தான். "மாமா, போனில் 'எவன் வந்தாலும் விடாதே, ஏற்றுலே'ண்ணு சொன்னது நம்ம ஜெனிலாக்கும். மாமாவை நம்பி இருந்தா கேற்று முளைக்காதுண்ணு என்னையும் ஏற்பாடு பண்ணினான்" என்றான். ஆத்திரத்தில் மைக்கைப் பிடித்து வைஸைச் சபைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன். நம் வழக்கப்படி வரும் ஞாயிறு மறு ஏலம். நேரில் வா மக்கா, இந்தத் தடவை நான் உன் பக்கம். எதிரே ஏலம் கேட்க சுகிர்தபாய் அக்கா நிற்பார். குற்றி இல்லாமல் அவர் ஆடு ஊரார் மரச்சீனிக் கிழங்குத் தோட்டங்களை மேய்ந்துகொண்டிருக்கிறது.