எழிலன் கல்யாணத்துக்கு நான் போக முடியாத காரணங்கள்

நீடாமங்கலம்,
தை மாதம், 2014

அன்புத் தங்கை சாவித்திரிக்கு அண்ணன் வைத்தியலிங்கம் எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதுவது முறை என்பதால் எழுதினேன். நீ அதை நம்ப வேண்டாம். படித்ததும் இதைக் கிழித்துப் போடு. உன் வீட்டுக்காரர் கண்ணில் படவே கூடாது. சாரங்கபாணி மாப்பிள்ளைக்குத் தெரிந்தால் சுவாமிமலை முழுக்கத் தெரிந்த மாதிரி.

விஷயம் இதுதான். டொரண்டோவில் இருக்கும் என் பிள்ளை எழிலனுக்குக் கல்யாணம். அவன் கட்டிக்கொள்ளப் போவது டேனியல் என்கிற பையனை. பையன்தான், நீ தப்பாகப் படிக்கவில்லை. யூதக் குடும்பம். அந்த ஊர்ச் சட்டப்படி செல்லுமாம். கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை, அறுவடை மிஷின்காரன் வாசலில் கூப்பிட்டால்கூட யாரோ கேள்விப்பட்டு விசாரிக்க வந்துவிட்டார்கள் என்று கொல்லைப் பக்கம் போய் நின்றுகொள்கிறேன். பயத்தை உன் அண்ணி ராஜாத்தியிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால் கொள்கையைப் பிடித்துக்கொண்டேன். கல்யாணத்தை நடத்தி வைப்பது ரபி என்கிற அவர்கள் குருவாம். புரோகிதர் இல்லாமல், வேண்டுமென்றே ராகுகாலத்தில், கட்சிக்காரர் தலைமையில் மாலை மாற்றிக்கொண்டவன் நான்; குரு ஓதுகிற கல்யாணத்தில் எப்படி நிற்பேன் என்று கேட்டேன். அவள் கீரையை ஆய்ந்துகொண்டே, "அன்னைக்கு ஐயர் இல்லைன்னு உங்க அப்பா வரலை. இன்னைக்கு ஐயர் இருக்காருன்னு நீங்க போகலை. ரெண்டு பேரும் நல்லா இருங்க" என்றாள்.

அதோடு விட்டாளா? ஸ்கைப்பில் அந்த ரபியையே கூப்பிட வைத்தாள். பார்த்தால் பெண்பிள்ளை! மிரியம் என்று பேர். எழிலன் நடுவில் மொழிபெயர்த்தான். கல்யாணம் ஞாயிற்றுக்கிழமையாம், சனிக்கிழமை கூடாதாம். பிடித்துக்கொண்டேனே! நாள் பார்க்கிற வேலையெல்லாம் எங்களிடம் வேண்டாம், சனிக்கிழமையே வையுங்கள் என்று சத்தம் போட்டேன். அந்தம்மா சிரித்துவிட்டு, சனி கெட்ட நாள் இல்லை, ஓய்வு நாள், அன்றைக்கு வேலையாளுக்கும் மாட்டுக்கும்கூட ஓய்வு கொடுக்க வேண்டும் என்பது எங்கள் வேதம் என்றார். நம்ம பக்கம் கூலி நெல் கொஞ்சம் கூடக் கேட்டதுக்கே எத்தனை அடிதடி, எத்தனை கேஸு! இவங்க மாட்டுக்கே லீவு விடுறாங்க. அப்புறம் ஒண்ணு கேட்டாங்க பாரு: "மனுஷங்க எல்லாரும் கடவுளோட சாயல்னு நாங்க நம்புறோம். அதனாலதான் இந்தப் பிள்ளைங்க உரிமைக்காக எங்க சபை கோர்ட்டுலயும் தெருவுலயும் நின்னுச்சு. நீங்க எதை நம்புறீங்க?" மொழிபெயர்த்துவிட்டு எழிலன் தலையைக் குனிந்துகொண்டான். மேடை மேடையாகச் சமத்துவம் பேசினவன், யாரோ மைக்கைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

அவர்கள் முறைப்படி கல்யாண விதானம் வரைக்கும் பிள்ளையை அப்பா ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம் கூட்டிப் போக வேண்டுமாம். வருவீங்களா என்றார். முழங்கால் வலி என்றேன், சம்பா அறுப்பு என்றேன், பட்டா கேஸ் வாய்தா என்றேன். எல்லாம் நிஜம்தான் சாவித்திரி. ஆனா நான் போகாதது பயத்தாலதான். ராஜாத்தி மட்டும் போகட்டும். நீ யாரிடமும் மூச்சு விடாதே.

பிள்ளைகளுக்கு என் ஆசி. மாப்பிள்ளைக்கு வணக்கம் மட்டும் சொல், வேறெதுவும் சொல்லாதே.

அன்பு அண்ணன்,
வைத்தியலிங்கம்

பி.கு.: உறையை ஒட்டப் போகிற நேரத்தில் எழிலன் போன் பண்ணினான். அப்பா வராவிட்டால் அந்தப் பக்கம் வேறு யாரும் நிற்க வேண்டாம், காலியாகவே இருக்கட்டும் என்று ரபியம்மாவிடம் சொல்லிவிட்டானாம். "பரவால்லப்பா, நீங்க கஷ்டப்படாதீங்க" என்றான். போனை வைத்துவிட்டு அழுதேன். என் பிள்ளை ஒரு பக்கம் ஆளில்லாமல் நடப்பதா? விசாவுக்கு எழுதிப் போட்டாச்சு. கடிதத்தைக் கிழிக்காதே, சாரங்கபாணியிடமே கொடு. டேனியல் யாரென்று கேட்டால் எழிலனுடைய சிநேகிதன் என்று மழுப்பாதே. இந்தக் குடும்பத்துக்கு இனிமேல் மாப்பிள்ளை அவர் ஒருத்தர் மட்டும் இல்லை என்று சொல்.